ஸ்டெப்னிக்கு எலுமிச்சம்பழம் வைப்பதில்லை

போன சித்திரையில் நடுரோட்டில் தனி ஆளாக நின்று கார் டயர் மாற்றினேன். மாற்றிவிட்டு நாலு மாதம் அதையே பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஆபீஸில் சொன்னேன், அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குழுவில் படம் போட்டேன், ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடச் சொன்னேன். ஆவணியில் ஒரு நாள், அந்த வண்டிக்கு நான் செய்த பெரிய கெடுதலே அதுதான் என்று தெரிந்தது. மாற்றியது தப்பில்லை, மாற்றியதை அப்படியே விட்டதுதான் தப்பு. இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று இருக்கிறது. நான் எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை. ஊர் உலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லும் புத்திமதி எதுவோ அதன்படிதான் நடந்தேன், அந்தப் புத்திமதி மற்ற எல்லா வண்டிக்கும் சரி, என் வண்டிக்கு மட்டும் தப்பு.

என்ன கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். 2016 மாடல், டீசல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஆல் வீல் டிரைவ். சென்னை பள்ளிக்கரணையில் இருப்பவள் ஆல் வீல் வாங்கினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு. நாலு சக்கரமும் இழுத்தால் தண்ணீரில் தப்பிக்கலாம் என்று நானும் நினைத்தேன், அது சுத்த அபத்தம். தண்ணீரில் வண்டி நின்றுபோவது சக்கரத்துக்கு இழுவை போதாமல் இல்லை, இன்ஜின் காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் புகுவதால். அந்த வாய் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு, எத்தனை சக்கரம் சுற்றுகிறது என்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நானும் எல்லோரையும் போல வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். பக்கத்தில் ஒரு பழைய மாருதி 800. இரண்டுக்கும் ஒரே மரியாதை.

கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. டூ வீல், ஆட்டோ, லாக் என்று மூன்று இடம். ஆட்டோவில் வைத்தால் சாதாரணமாக முன்சக்கரங்கள்தான் இழுக்கும், அவை வழுக்கினால் மட்டும் பின்னால் இருக்கும் கிளட்ச் (காலால் மிதிக்கிற கிளட்ச் இல்லை, இது வேறு) இறுகி, பின்சக்கரங்களுக்கும் இழுவை போகும். நான் வாங்கிய நாளிலிருந்து ஆட்டோவில்தான் வைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கியதைச் சும்மா விடுவானேன். மேடவாக்கம் சிக்னலில் வழுக்குவதற்கு என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

மணையும் ஜாக்கியும்

பொன்னேரியில் பெரியம்மா பேத்திக்கு வளைகாப்பு. அம்மாவும் நானும் போய்விட்டு மீஞ்சூர் பக்கமாக வெளிவட்டச் சாலையில் ஏறி வண்டலூர் நோக்கி வந்துகொண்டிருந்தோம். பாலவேடு சுங்கச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரம், மதியம் இரண்டரை. எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் வரும் கன்டெய்னர் லாரிகள் எல்லாம் அந்த ரோட்டில்தான். அவை உதிர்த்துவிட்டுப் போகும் இரும்புச் சாமான்களைப் பொறுக்கினால் ஒரு பழைய இரும்புக்கடையே வைக்கலாம். தப் தப் என்று சத்தம் வந்தது, வண்டி இடது பக்கம் சாய்ந்து நடக்க ஆரம்பித்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் பின்னால் இடது டயர் தரையோடு தரை. பக்கவாட்டில் ஒரு கிழிசல், சுண்டு விரல் நுழையும்.

அம்மா வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். "நான் என்ன அவ்வளவு கனமாடி?" கனம் பிரச்சினை இல்லை, ஜாக்கி நழுவினால் உள்ளே இருப்பவளும் சேர்ந்து விழுவாள் என்று சொல்லி இறக்கினேன். குடையும் பிடித்துக்கொண்டு ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். நான் முக்கோணத்தை நடந்துபோய் பின்னால் ஐம்பதடிக்கு மேல் தள்ளி வைத்தேன். அந்த ரோட்டில் லாரி வருகிற வேகத்துக்கு அதுவே போதாது. ஹேண்ட் பிரேக், முதல் கியர், வலது முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு கல். இது எல்லா வண்டிக்கும் பொதுதான், தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்காக எதிர் மூலையில் இருப்பதற்குக் கல் வைக்க வேண்டும். போல்ட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே நெகிழ்த்த வேண்டும், தூக்கிவிட்டால் சக்கரம் கூடவே சுற்றும். கடையில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிய போல்ட்டு, கையால் அசையுமா? வீல் ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தேன். கட்டக் என்று கொடுத்தது. ஐந்து போல்ட்டுக்கும் ஐந்து குதி. எதிர்ப்பக்கம் போன லாரிக்காரர் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினார், கிண்டலாகவும் இருக்கலாம்.

ஜாக்கியை வைத்துத் திருகத் தொடங்கினால் வண்டி ஏறவில்லை, ஜாக்கி இறங்குகிறது. சித்திரை வெயிலில் ஓரத்துத் தார் இளகிக் கிடந்தது. கீழே வைக்க ஒரு பலகை வேண்டும். டிக்கியில் சாப்பாட்டுத் தூக்கு, வெற்றிலைக் கட்டு, பிளாஸ்டிக் கவரில் வளையல், அப்புறம் பெரியம்மா அம்மாவுக்குக் கொடுத்தனுப்பிய மணை. பலா மரத்து மணை, பாட்டி காலத்தது, அம்மாவின் கல்யாணத்தில் அவள் அதில்தான் உட்கார்ந்தாளாம். நான் அதைக் கையில் எடுத்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஏய், அதுல ஜாக்கிய வெப்பியா நீ? கௌரி பூஜைக்கு உட்கார்ந்த மணைடி."

"அம்மா, அஞ்சு நிமிஷம்."

"எங்கம்மா பாத்துட்டிருக்கா மேல."

பார்க்கட்டும் என்று வைத்தேன். மணை தாங்கியது. வண்டி அழகாக ஏறியது. ஜாக்கியின் அடித்தகடு பதிந்த நாலு மூலைத் தடமும் இன்றைக்கும் அந்த மணையில் இருக்கிறது, அம்மா அந்தப் பக்கத்தை அடியில் திருப்பிப் போட்டு விளக்கு வைக்கிறாள்.

சக்கரத்தைக் கழற்றி வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டேன் (ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல் உட்காரும், நம் கால் மேல் உட்காராது). ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வருகிறேன், கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெயில் தாங்காமல் அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஏசி போடலாம் என்று சாவிப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். சாவியை அதிலேயே விட்டது நான். வண்டி முதல் கியரில். ஒரு சக்கரம் அந்தரத்தில். நான் போட்ட கூச்சலில் எதிர்ப்பக்கம் பைக்கில் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார். அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, பேசாதது மணைக்கும் சேர்த்து.

பிறகு மெக்கானிக் சொல்லித்தான் அது எவ்வளவு மோசமாகியிருக்கும் என்று முழுசாகப் புரிந்தது. சாதாரண முன்சக்கர வண்டியில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கியிருக்கும்போது தவறிப்போய் ஓட விட்டால் தூக்கிய சக்கரம்தான் பெரும்பாலும் சும்மா சுற்றும். ஆல் வீலில் ஒரு சக்கரம் சும்மா சுற்றினால் உடனே கம்ப்யூட்டர், ஆகா வழுக்குகிறது என்று தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இழுவையை அனுப்பிவிடும். வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி நடந்துவிடும். எந்த மூலையைத் தூக்கினாலும் இதே கதை. அன்றிலிருந்து ஜாக்கியை எடுப்பதற்கு முன் சாவி என் இடுப்பில் ஏறிவிடுகிறது.

புத்தம் புதுசு

இப்போது ஸ்டெப்னி. இந்த வார்த்தையை நாம்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று, அங்கே 1904இல் டேவிஸ் என்பவர் காருக்கு மாற்றுச் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து விற்றார், தெருவின் பெயரே சக்கரத்துக்கு ஆனது. இங்கிலாந்துக்காரரிடம் போய் ஸ்டெப்னி என்றால் இப்போது லண்டனில் ஒரு பேட்டையைக் காட்டுவார். இங்கே எந்தப் பஞ்சர் கடையில் கேட்டாலும் டிக்கியைத் திறப்பார்கள்.

என் ஸ்டெப்னி, வண்டியின் முதல் சொந்தக்காரர் காலத்திலிருந்து தரையையே தொட்டதில்லை. டயர் அச்சிலிருந்து வரும்போது மேலெல்லாம் முடி மாதிரி ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூட உதிரவில்லை. காற்றுதான் 18க்கு இறங்கியிருந்தது, நல்லவேளை சிகரெட் லைட்டரில் செருகும் பம்ப் ஒன்று வைத்திருந்தேன். மாட்டி, போல்ட்டுகளை நட்சத்திரம் போடுகிற மாதிரி ஒன்றுவிட்டு ஒன்றாக முடுக்கி, இறக்கி, மறுபடி முடுக்கி, கிளம்பும்போது மணி மூன்றே கால். கையெல்லாம் கரி, சேலையெல்லாம் கரி. அந்தக் கோலத்தில் எடுத்ததுதான் வாட்ஸாப்பில் போட்ட படம்.

மறுநாள் டயர் கடைக்குப் போனேன். பக்கவாட்டில் கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார்கள், அது சரிதான். அப்புறம் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்த பையன், "மேடம், இது புத்தம் புதுசு. இதையே ஓட்டுங்க. ஸ்டெப்னிக்கு ஒரு பழசு தர்றேன், 1,500 குடுங்க" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எட்டாயிரத்துச் சொச்சம் செலவாகும் என்று போன இடத்தில் ஆயிரத்தைந்நூறில் முடிந்தது. பக்கத்தில் நின்ற எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். என் மற்ற மூன்று டயரும் பாதி தேய்ந்தவை. நாலாவது புதுசு. நல்லதுதானே?

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். டிக்கிக்குள் கிடக்கும் ஐந்தாவதற்கு யாரும் வைப்பதில்லை. அது வண்டியோடு சேர்ந்ததில்லை என்ற எண்ணம்தான். அது மட்டும் தேயாமல், வெயில் படாமல், தனியாக வயசாகிக்கொண்டிருக்கும்.

ஆகஸ்டில்தான் தொடங்கியது. எங்கள் பார்க்கிங்கில் தூண்களுக்கு நடுவே ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத்தான் வண்டியை உள்ளே விட முடியும். அப்படி ஒடிக்கும்போது பின்னாலிருந்து யாரோ பம்பரைப் பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி திமிறியது. கட கடவென்று ஒரு உதறல், நேராக்கினால் சரியாகிவிடும். ஒரு நாள் ஓஎம்ஆரில் சிறுசேரி வரை போய்விட்டு வந்து நிறுத்தினால் பின்பக்கம் தீய்ந்த வாடை. பக்கத்து வீட்டு அடுப்பு என்று நினைத்தேன்.

ஆதம்பாக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. சுற்றி வந்து நாலு டயரையும் உள்ளங்கையால் தடவினார், ஆடு வாங்க வந்தவர் மாதிரி. "இந்த ஒண்ணு எப்ப மாட்டினீங்க மேடம்?" சித்திரையில் என்றேன், பெருமையோடு சேர்த்துத்தான் சொன்னேன். "நாலு மாசமா? ஆட்டோல போட்டா?" அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு உதறல் எடுத்தது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். புது டயருக்குத் தடிமன் அதிகம், அதனால் சுற்றளவு அதிகம், அதனால் அதே தூரத்துக்குக் குறைவாகச் சுற்றினால் போதும். தேய்ந்தது சின்னது, அதிகம் சுற்ற வேண்டும். என் வண்டியில் பின்னால் ஒரு பெரிய டயர், மற்றதெல்லாம் சின்னது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸுக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் வேகம் பார்க்கும் சென்சார் இருக்கிறது, அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் வழுக்கலைக் கண்டுபிடிக்கிறது. முன்சக்கரம் இரண்டும் வேகமாகச் சுற்றுகின்றன, பின்னால் ஒன்று மெதுவாகச் சுற்றுகிறது என்றால் அதன் அகராதியில் முன்னால் வழுக்குகிறது என்று அர்த்தம். உடனே கிளட்சை இறுக்கும். காய்ந்த ரோட்டில், நேரான ரோட்டில், காரணமே இல்லாமல் இறுக்கி விட்டு, இறுக்கி விட்டு, உரசி உரசி அது சூடாகிறது.

"நீங்களும் உங்க அம்மாவும் பீச்சுல நடங்க. நீங்க பத்து அடி வெச்சா அவங்க பன்னெண்டு வெப்பாங்க. ஒண்ணும் தப்பில்ல. ரெண்டு பேர் காலையும் கயித்தால கட்டிட்டு நடந்து பாருங்க."

"நாலும் மாத்தணுமா?"

"நாலும் ஒரே மாதிரி இருக்கணும். எப்படிங்கறது உங்க இஷ்டம்."

சாக்பீஸ் கோடு

எனக்கு நம்பிக்கை வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஒரு டயர் கிழிந்ததற்கு நாலு டயர் வாங்கச் சொல்பவருக்கு டயர் கடையில் கமிஷன் இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. பதினைந்து வருஷமாக அந்த மனிதரைத் தெரியும், ஒரு ரூபாய் கூட்டி வாங்கியதில்லை, இருந்தும் தோன்றியது. எல்லா டயரிலும் ஒரே அளவுதான் போட்டிருக்கிறது, 215/65 ஆர்16. தேய்மானத்தில் வித்தியாசம் ஒரு வெங்காயத் தோல் கனம். அதுவா இரும்பைச் சூடாக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிங் காலியாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பையனிடம் சாக்பீஸ் வாங்கிக்கொண்டு இறங்கினேன், அம்மாவும் வேடிக்கை பார்க்க வந்தாள். இடது பக்கம் முன்சக்கரத்திலும் பின்சக்கரத்திலும் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே, டயரின் பக்கவாட்டில் ஒவ்வொரு கோடு போட்டேன். இரண்டு கோடும் ஆறு மணி முள் மாதிரி நேர் கீழே. திருகை டூ வீலுக்கு மாற்றி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நடக்கிற வேகத்தில் வண்டியை விட்டேன். முன்சக்கரத்துக் கோடு கீழே வரும்போதெல்லாம் எண்ணுவது அம்மாவின் வேலை. வண்டியோடு கூடவே குனிந்து நடந்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சத்தமாக எண்ணினாள், கோயிலில் பிரதட்சிணம் எண்ணுகிற குரலில். பத்து என்றதும் நிறுத்தினேன். மொத்தம் இருபது மீட்டர் வந்திருக்கும்.

இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரத்துக் கோடு நேர் கீழே. பின்சக்கரத்துக் கோடு இன்னும் வந்து சேரவில்லை. கீழே வர வேண்டியது, அதற்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது. கையை விரித்து வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய ஒரு சாண். பத்தே சுற்றில் ஒரு சாண்.

நான் குந்தி உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் சொன்னபோது காதில் விழுந்தது, இப்போதுதான் உள்ளே போனது. பள்ளிக்கரணையிலிருந்து தாம்பரம், தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம், இரண்டு முறை புதுச்சேரி, நாலு மாதத்தில் ஐயாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. இருபது மீட்டருக்கு ஒரு சாண் என்றால் அந்தப் பின்சக்கரம் என்ன பாடுபட்டிருக்கும். அம்மா, "இது பின்தங்குதேடி" என்றாள்.

இரவு உட்கார்ந்து காகிதத்தில் போட்டேன். 215/65 ஆர்16 புது டயரின் விட்டம் 686 மி.மீ., சுற்றளவு 215.5 செ.மீ. டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளம் 8 மி.மீ. இருந்தது 4 ஆகத் தேய்ந்தால் விட்டத்தில் 8 மி.மீ. குறைகிறது, சுற்றளவில் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குப் புதுசு 464 சுற்று, தேய்ந்தது 469. காகிதக் கணக்குக்கும் ரோட்டுக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரும், பாரத்தில் டயர் அமுங்கும், ஒரே அளவு போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சுற்றளவு கொஞ்சம் மாறும், ஆனால் சாணுக்கும் இதற்கும் பொருந்திப் போனது. பள்ளத்தின் வித்தியாசம் சுமார் 1.6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று ஆல் வீல் வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்கிறார்கள், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். என்னுடையது 4. அதே 1.6தான் நம் ஊர்ச் சட்டப்படி கார் டயரில் மிச்சம் இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பள்ளமும். எண் ஒன்றுதான், விஷயம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதைவிட வேடிக்கை அடுத்த வரியில் வந்தது. டயர் கடைகளில் எப்போதும் சொல்வது, ஒன்று மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள் என்று. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்கு அது நல்ல புத்திமதி. என் வண்டியில் பின்னால் ஒன்று மட்டும் பெரிசு என்றால், இடது வலது வித்தியாசத்தை இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி சரிக்கட்டி, பாதியைத்தான் கிளட்சுக்கு அனுப்பும், கிலோமீட்டருக்கு இரண்டரைச் சுற்று. பின்னால் இரண்டையும் புதுசாக்கினால் முழு ஐந்து சுற்றும் கிளட்ச் தலையில். அரைகுறையாகத் திருத்தினால் திருத்தாததைவிட மோசம். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை, செலவை நினைத்தும் வரவில்லை.

ஜீப் வகையறா வைத்திருப்பவர்கள் இங்கே சிரிக்கலாம். மஹிந்திரா தார் போன்ற வண்டிகளில் நாமாக லீவரைப் போட்டால்தான் நாலு சக்கரம், மற்ற நேரம் பின்சக்கரம் மட்டும், அதனால் தார் ரோட்டில் தாருக்கு இந்த வம்பு இல்லை. என் வண்டிக்கும் டூ வீல் என்று ஒரு இடம் இருந்தது. ஸ்டெப்னி மாட்டிய அன்றைக்கே அந்தத் திருகை ஒரு கட்டம் திருப்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சில ஆல் வீல் வண்டிகளில் அந்தத் திருகும் கிடையாது, அவர்கள் ஸ்டெப்னியை மாட்டினால் நேராகப் பஞ்சர் கடைக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

புதுப்பேட்டை வரை

நாலு டயர் வாங்க மனசு வரவில்லை. மூன்றில் இன்னும் பாதி உயிர் இருக்கிறதே. என் மூன்றுக்கும் ஜோடியாக, அதே கம்பெனி, அதே மாடல், 4 மி.மீ. மிச்சமுள்ள பழைய டயர் ஒன்று கிடைத்தால் போதும் என்று கிளம்பினேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசுதான் காட்டினார்கள். புதுப்பேட்டையில் சந்து சந்தாக நுழைந்தேன். இன்ஜின், கதவு, கண்ணாடி, ஸ்டீயரிங் எல்லாம் தனித்தனியாகத் தொங்கும் அந்தத் தெருக்களில் ஒரு முழு வண்டியையே பொறுக்கிச் சேர்த்துவிடலாம், எனக்கு வேண்டிய ஒரு அரைத் தேய்மான டயர் மட்டும் இல்லை. கிடைத்த இரண்டில் ஒன்று வேறு மாடல், இன்னொன்றில் பக்கவாட்டு வெடிப்பு.

அமெரிக்காவில் புது டயரைச் சீவி, மற்ற மூன்றின் தேய்மானத்துக்குக் கொண்டுவந்து தரும் கடைகள் உண்டு. கேட்கப் பைத்தியம் மாதிரி இருக்கும், ஆனால் கணக்குப்படி அதுதான் மலிவு. இங்கே நாலு கடையில் கேட்டேன், நாலு பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "புது டயரைத் தேய்ச்சுக் குடுக்கணுமா மேடம்?" திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப்பிலிருந்து ஒரகடம் அப்பல்லோ, தேர்வாய்கண்டிகை மிஷலின், ஸ்ரீபெரும்புதூர் ஜேகே வரை, ஊரைச் சுற்றி டயராகவே செய்கிறார்கள், லாரி டயருக்கு மேல்பட்டை ஒட்டித் தரத் தெருவுக்கு ஒரு ஆள் இருக்கிறார், சீவித் தரத்தான் ஆளில்லை.

ஆக, வாங்கினேன். நாலு இல்லை, ஐந்து. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வாரத்தில் செய்தவை. நாற்பதாயிரத்தைத் தாண்டியது, தொகையை அம்மாவிடம் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். ஐந்து எதற்கு என்றால், இனிமேல் ஐந்தையும் சுற்றில் விடப் போகிறேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றும்போது ஸ்டெப்னியும் கீழே இறங்கும், கீழே இருப்பதில் ஒன்று டிக்கிக்குப் போகும். அப்போதுதான் ஐந்தும் சேர்ந்து தேயும், எது எப்போது கிழிந்தாலும் மாற்றுக்கு ஜோடி இருக்கும். மூன்றரை டன்னுக்குள் இருக்கும் கார்களுக்குக் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020 அக்டோபரிலிருந்து விதியைத் தளர்த்திவிட்டார்கள். ஆணி குத்தினால் கிட் போதும். வெளிவட்டச் சாலையில் சுண்டு விரல் நுழையும் கிழிசலுக்கு அந்தப் பசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மெக்கானிக் பின்பக்க டிஃபரன்ஷியல் எண்ணெயை இறக்கி, விரலில் தொட்டு மோந்து பார்த்தார். கறுத்திருந்தது. "தப்பிச்சீங்க மேடம். இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருந்தா கிளட்சே போயிருக்கும்." புது எண்ணெய் ஊற்றி, பார்க்கிங் மாதிரியே ஒடித்து ஒடித்து ஓட்டிக் காட்டினார். திமிறவில்லை. அப்படியே, எப்போதாவது வண்டியை இழுத்துப் போக வேண்டி வந்தால் ரெண்டு சக்கரத்தைத் தூக்கிக் கட்டி இழுக்க விடாதீர்கள், முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார். தரையில் உருளும் ரெண்டும் நிற்கும் ரெண்டும், மறுபடி அதே கயிறு கட்டிய கால் கதைதான்.

பழைய டயர்களைத் தெருமுனைப் பஞ்சர் கடை சேட்டாவிடம் கொடுத்தேன். மூன்றை எடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் புத்தம் புது ஸ்டெப்னியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார். "சேச்சி, இது வாசிச்சோ?" 1116 என்று நாலு எண். 2016ஆம் வருஷத்தின் 11ஆம் வாரம். முடிகூட உதிராத அந்தப் புதுசுக்கு எட்டு வயசு முடிந்திருந்தது. பள்ளத்துக்குள் நகத்தால் பிரித்துக் காட்டினார், அடியில் மெல்லிய கோடுகளாக வெடிப்பு. இதை மாட்டிக்கொண்டுதான் அம்மாவோடு புதுச்சேரி போய் வந்திருக்கிறேன். யாருக்கும் விற்க மாட்டேன், விற்கக் கூடாது என்றார்.

இப்போது அது அவர் கடை முன்னால் வேப்பமரத்துக் கிளையில் தொங்குகிறது. வெள்ளைப் பெயிண்டில் பஞ்சர் என்று எழுதியிருக்கிறார். வளைவில் இடம் போதாமல் பஞ்ச மட்டும் முன்னால் வந்து, ர் பின்பக்கம் போய்விட்டது. ஆபீஸ் போகும்போது பஞ்ச, வரும்போது ர்.